பிலாத்துக்கு நூறு பக்கம், பெரியப்பாவுக்குக் கதிரை இல்லை

மகன்,

நலம் விசாரித்துத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். நேற்றும் எந்த மேசைக்கு எந்த நிறப் பூ என்று அம்மாவோடு அரை மணித்தியாலம் கதைத்தாய். நான் தொலைபேசியை வாங்கக் கை நீட்டியதும், "அப்பாவோட பேந்து கதைக்கிறன்" என்று வைத்துவிட்டாய். இந்தப் "பேந்து" பிறகு, பிறகு என்றே ஒரு மாதமாக இழுபடுகிறது. நான் என்ன கேட்பேன் என்று உனக்குத் தெரியும், அதனால்தான் பேந்து. சரி, தாளிலேயே கேட்டுவிடுகிறேன். உன் கலியாணத்துக்கு உன் பெரியப்பாவை ஏன் அழைக்கவில்லை?

இதை எழுதி, எங்கள் கோயிலின் பங்கு மலரில் போடச் சொல்லிப் பங்குச் சுவாமியிடம் கொடுக்கப் போகிறேன். அம்மாவுக்கு அதில் துளியும் விருப்பம் இல்லை. "வீட்டுக் கதையை ஏன் வீதிக்குக் கொண்டு போறியள்?" என்கிறாள். வீதிக்குக் கொண்டுபோனது நானா? கோயிலுக்குக் கீழே இருக்கிற மண்டபத்தில், ஒலிவாங்கியில், ஊர்ச்சனம் எல்லாம் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன கதை அது. அன்று கேட்ட காதுகள் இதையும் கேட்கட்டும். உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும், அந்த வெட்கம் எங்கே போய் நிற்கவேண்டும் என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் உன் படிப்பிலிருந்து வருகிறேன், ஏனென்றால் வினை அங்கேதான் தொடங்கியது. மகன் என்ன படிக்கிறான் என்று தொழிற்சாலையில் கேட்பார்கள். மருந்துப் பெட்டி அடைக்கிற வரிசையில் எனக்கு ஒரு பக்கம் ஹெயிட்டிக்காரர், மறு பக்கம் பஞ்சாபிக்காரர். அவர்களுக்கு நான் என்னவென்று சொல்வது? வேதாகமத்தில் இடம் கிடைக்காமல் தள்ளிவைக்கப்பட்ட பழைய கதைகளைப் படிக்கிறான் என்றேன். "இடம் கிடைக்காததைப் படித்தால் இவனுக்கு எங்கே இடம் கிடைக்கும்?" என்று பஞ்சாபிக்காரர் கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, ஆனாலும் உன்னை விட்டுக்கொடுக்காமல் சிரித்துச் சமாளித்தேன். நீ உன் ஆய்வைப் பேராசிரியர்கள் முன்னால் நின்று ஒப்புவித்த நாளில் பெரியப்பாவும் வந்தார், நினைவிருக்கிறதா? கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, பஸ் மாறி, மெட்ரோ மாறி, எங்களுக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றார். பிரெஞ்சும் இங்கிலீசுமாக நடந்த அந்தக் கூட்டத்தில் அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. எல்லாரும் கைதட்டியபோது எல்லாரையும்விட அதிக நேரம் தட்டியவர் அவர்தான்.

நீ எழுதியதை நான் வாசிக்கவில்லை, வாசிக்கவும் ஏலாது. ஆனால் வருடக்கணக்காகச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் நீ சொன்னதை எல்லாம் கேட்டிருக்கிறேன். அந்தக் கதைகளில் அரசர்களைப் பார்க்கிற பார்வை இரண்டு விதம் என்பாய். ஒரு விதத்தில், அப்போஸ்தலர் ரோமைப் பேரரசன், அந்த இராயன் நீரோவுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பார். செத்துப் பிழைத்த அரண்மனைப் பணியாள், இனி என் அரசர் வேறு, அவர் வந்து எல்லா இராச்சியங்களையும் அழிப்பார் என்று இராயனின் முகத்துக்கு நேரே சொல்லுவான். அப்போஸ்தலரின் தலையை வெட்டினால் இரத்தத்துக்குப் பதிலாகப் பால் பீறிட்டு வெட்டினவனின் உடுப்பில் தெறிக்கும். இந்தக் கதைகளைச் சொல்லும்போது உன் சோறு ஆறிப்போகும், அம்மா கத்துவாள். மற்ற விதத்தில், ஆண்டவரைச் சிலுவைக்கு அனுப்பிய ரோமை ஆளுநர் பிலாத்து நல்லவனாகிவிடுவான். பாவம், அவன் என்ன செய்வான், மனமில்லாமல்தான் தீர்ப்பளித்தான், பிறகு அழுதான், இராயனுக்கு உண்மையை எழுதினான், கடைசியில் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த வேதசாட்சியாகவே செத்தான் என்று ஒன்றுக்குமேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டே போவார்களாம். அதை எழுதினவர்களை நீ கோழைகள் என்பாய். ரோமைக்குப் பயந்து ரோமையின் ஆளை வெள்ளையடித்தார்கள், குற்றம் அந்தரத்தில் நிற்காது என்பதால் அதைத் தூக்கிப் பக்கத்து வீட்டு யூதர்களின் தலையில் போட்டார்கள், அதன் பலனை அந்தச் சனம் நூற்றாண்டு நூற்றாண்டாக அனுபவித்தது என்பாய்.

அதில் நீ சொன்னது சரி. நான் அப்போதும் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் ஒன்று மட்டும் கேட்டேன்: "எழுதினவனுக்கும் பிள்ளை குட்டி இருந்திருக்கும், என்ன? இராயன்ர ஆக்கள் தெருவில நிக்கேக்க அவன் வேற என்னத்தை எழுதுவான்?" நீ கரண்டியை வைத்துவிட்டு, "அப்பா, நீங்கள் எப்பவும் பயந்தவையின்ர பக்கம்" என்றாய். உண்மைதான். நான் பயந்தவர்களின் பக்கம். பயப்படாதவர்களுக்குப் பக்கம் சேர நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் திருநாளும் உண்டு, கொடியேற்றமும் உண்டு.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பூசை முடிந்து, இளையோர் கேட்டுக்கொண்டபடி நீ மண்டபத்தில் பேசினாய். நன்றாகத்தான் பேசினாய், தமிழுக்குள் பிரெஞ்சு வந்து விழுந்தாலும். பெரியப்பா முன்வரிசையில் இருந்தார். நீ பிலாத்தைப் பற்றிச் சொல்லி, அதிகாரத்துக்குப் பக்கத்தில் நின்றவர்களை நல்லவர்களாக்குவது ஒரு பாவம் என்று முடித்தாய். நகரத்துக்கு வெளியே கர்க்லாண்டிலிருந்து பூசைக்கு வருகிற அந்த மனுசர் அப்போதுதான் எழும்பினார். சத்தம் போடவில்லை. "தம்பி நல்லாச் சொன்னீர். அப்ப முன்னுக்கு இருக்கிற உங்கட பெரியப்பா எந்தப் பக்கம்? எங்கட ஊரில ஆமிக் காம்புக்குள்ள போய் அவைக்குப் பாஷை மாத்திச் சொன்னவர் அவர்தானே?" என்றார். ரோல்ஸ் தட்டுகள் அப்படியே நின்றன. நீ என்னைப் பார்த்தாய். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். பெரியப்பா தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார், கோப்பையைக் கொண்டுபோய்த் தொட்டிக்குள் வைத்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் நீ வீட்டுக்கு வந்து சொன்ன வசனம் எனக்கு அச்சடித்தது போல ஞாபகம். "அப்பா, நான் இதைப் பற்றித்தான் படிச்சனான். அவரைக் கலியாணத்துக்குக் கூப்பிட்டா நான் எழுதினது எல்லாம் பொய் எண்டுதானே அர்த்தம்?" அடேய், நீ எழுதியது பொய்யாகாமல் இருக்க என் அண்ணன் வீட்டோடு கிடக்க வேண்டுமா? உன் ஆய்வு அவ்வளவு நோஞ்சானா? நான் அப்போதே கத்தியிருப்பேன். அம்மா கையைப் பிடித்துவிட்டாள்.

ஊரில் நடந்ததை உனக்கு ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை, கேள்வி கேட்பது உன் தொழிலாக இருந்தும். கேள். மன்னார்ப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் சிங்களம் சரளமாகக் கதைக்கத் தெரிந்த ஆம்பிளை பெரியப்பா ஒருவர்தான். இளவயதில் அனுராதபுரத்தில் ஒரு பேக்கரியில் பாண் போட்டவர், அங்கே பழகிய பாஷை. ஆமி முகாம் வந்தபிறகு அந்தப் பாஷை அவருக்குச் சனியனாகிவிட்டது. முகாமில் கூப்பிட்டாலும் போகவேண்டும். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று தாய்மார் வந்து வாசலில் நின்று அழுதாலும் போகவேண்டும். உள்ளே போகிறபோது ஊரே பார்த்தது. எதற்காகப் போகிறார் என்று வந்து அழுத தாய்க்குத்தான் தெரியும்.

ஒருநாள் சுற்றிவளைப்பு. கோயில் வளவுக்குள் எங்கள் எல்லாரையும் வெயிலில் இருத்தினார்கள். நானும் இருந்தேன், எனக்கு அப்போது மீசை அரும்பிய வயது. அதிகாரி துப்பாக்கியைத் தட்டித் தட்டி நீளமாகப் பேசினார், சுவாமியின் பெரிய வெள்ளிப் பிரசங்கம் மாதிரி முடிவில்லாமல். அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: "எல்லாரும் அப்பிடியே இருங்கோ. ஒருத்தரும் எழும்பி ஓடாதேங்கோ. கேட்டா, கலியாணம் கட்டினனான் எண்டு சொல்லுங்கோ." அந்த நீளப் பேச்சில் கலியாணம் என்ற சொல் வந்திருக்க வாய்ப்பே இல்லை, மகன். கலியாணம் கட்டாத பெடியன்களைத்தான் இயக்கம் என்று சொல்லிப் பிடிப்பார்கள், அதனால் மீசை அரும்பிய நானும் கலியாணம் கட்டியவன் என்றேன். அண்ணன் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் அதைச் சிங்களத்தில் சொன்னார். என்னை விட்டார்கள். வேறு பலரையும் விட்டார்கள். ஆனால் இரண்டு பெடியன்களை ட்ரக்கில் ஏற்றினார்கள். அண்ணன் அந்தத் தாய்மாரோடு முகாமுக்கு நடையாய் நடந்தார். ஒருவன் வந்தான். மற்றவன் வரவில்லை. அந்த வராதவன்தான் கர்க்லாண்டுக்காரரின் தம்பி.

அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று இங்கே எழுதியே வைக்கிறேன். தம்பியைத் தொலைத்தவர் யாரையாவது கேட்கத்தானே வேண்டும்? அந்த அதிகாரியை அவர் எங்கே போய்த் தேடுவார்? பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. அந்த ஆள் ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு எங்கேயோ பேரப்பிள்ளைகளோடு இருக்கக்கூடும். அவருக்குத் தெரிந்த முகம், ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்னுக்கு இருக்கிற முகம், என் அண்ணனுடையது. என்னால் பொறுக்க முடியாதது உன்னைத்தான். குற்றத்தை அதிகாரத்திலிருந்து இறக்கிப் பக்கத்து வீட்டுக்காரனின் தலையில் போட்டார்கள் என்று நூறு பக்கம் எழுதியவன் நீ. அன்று அந்த மண்டபத்தில் அதேதான் உன் கண்ணுக்கு முன்னால் நடந்தது. துப்பாக்கி வைத்திருந்தவரைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. படித்தது வயிற்றுக்குள் போகவில்லையா, நாக்கோடு நின்றுவிட்டதா?

இன்னொன்றும் கேட்கிறேன். உன் கதைகளில் இராயன் முழங்குவார், அப்போஸ்தலர் முழங்குவார். ஒருவர் கிழக்கே இருந்து வந்த யூதர், மற்றவர் ரோமாபுரி அரண்மனையில் இருந்தவர். இவர்கள் இரண்டு பேரும் எந்தப் பாஷையில் சண்டை பிடித்தார்கள்? இதை ஒருமுறை உன்னிடம் கேட்டபோது நீ சிரித்துவிட்டு, இந்தியாவுக்கு வந்த அப்போஸ்தலரின் கதையில் மட்டும், அரசனின் விருந்தில் அவருடைய பாஷை விளங்கிய ஒரு குழலூதும் பெண் வருவாள் என்றாய். அவளைப் பற்றி எவ்வளவு எழுதினாய் என்று கேட்டேன். அடிக்குறிப்பில் என்றாய். இரண்டு பேருக்கு நடுவில் நின்று, இரண்டு பக்கத்துக் கோபத்தையும் தன் வாயால் சொல்லுகிறவருக்கு உன் படிப்பில் கிடைத்த இடம் அடிக்குறிப்பு. உன் கலியாணத்தில் அதுவும் இல்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாது என்று நான் நம்ப மாட்டேன். சென்ட் லோரன்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலத்தை நினைத்துப் பார். எனக்கு பொன்ஜூர், மெர்சி இரண்டுக்கும்மேல் பிரெஞ்சு கிடையாது. நீ பள்ளிக்கூடத்தில் பழகிக்கொண்டு வந்தாய். ஒரு பனிக்காலம், வீட்டுக்காரர் கதவைத் தட்டி, முகம் சிவந்து, என்னைப் பார்த்துக் கைநீட்டிக் கத்தினார். அந்த மூச்சு வாங்கலுக்கும் பல்லுக்கடிப்புக்கும் அகராதி தேவையில்லை, அவர் எங்கள் சமையலையும் சாதிசனத்தையும் சேர்த்துத்தான் திட்டினார் என்று எனக்கு விளங்கியது. கத்தி முடித்ததும் நான் உன்னைப் பார்த்தேன். நீ புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் நின்று, "அப்பா, குப்பையைச் செவ்வாய்க்கிழமை வெளியில வைக்கட்டாம்" என்றாய். நான், சரி, வைக்கிறேன் என்று சொல்லு என்றேன். நீ அதை அவரிடம் என்னவென்று சொன்னாயோ, அவர் கொஞ்சம் தணிந்து இறங்கிப் போனார். உள்ளே வந்து நீ சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கு வயிற்றுக்குத்து என்றாய். அந்த ஆளுக்குப் பக்கத்தில் நின்றாய் என்று நான் உன்னை எப்போதாவது நினைத்திருப்பேனா? உன் அப்பனின் மானத்தைக் காப்பாற்றினாய் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். அதே வேலையை உன் பெரியப்பா துப்பாக்கிக்குப் பக்கத்தில் நின்று செய்தார்.

அவர் சுத்தம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். முகாமுக்குள் நடந்த ஒவ்வொரு கதையும் எனக்குத் தெரியாது. உள்ளே அவரிடம் என்ன கேட்டார்கள், எதற்கு ஓம் என்றார், எதற்கு இல்லை என்றார், ஒருவனை எடுக்க இன்னொருவனைப் பற்றி ஏதும் சொல்லவேண்டி வந்ததா, தெரியாது. இங்கே வந்தபிறகு இரண்டொரு தரம் கேட்டுப் பார்த்தேன். "விடு தம்பி" என்பார், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். அந்த மனுசரோடும் எனக்குப் பொறுமை போய்விட்டது. வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைந்துவிடும்? பாஷை தெரிந்ததால் வந்த வினையில் எல்லாப் பாஷையையும் மறந்தவர் மாதிரி இருக்கிறார். உனக்கும் அவருக்கும் நடுவில் இப்போது நான் நிற்கிறேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

போன சனிக்கிழமை நானே அழைப்பிதழை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்டால் பேந்து என்பாய். அவர் கண்ணாடியைப் போட்டு, உன் பெயரையும் சோஃபியின் பெயரையும் எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு அதை என்னிடமே தந்தார். "பெடியன் தரேல்லைத்தானே? நீ கொண்டு வந்திருக்கிறாய். நான் வந்தா அவனுக்கு அந்தரம், சங்கடமாப் போயிடும். நல்ல நாளில பிள்ளைக்கு அந்தரம் வேண்டாம். அவனைப் பேசாத, தம்பி, அவன் படிச்சதைத்தானே சொல்லுறான்" என்றார். தேத்தண்ணீர் போட எழும்பிப் போனார், நெடுநேரம் அடுப்படியிலிருந்து வரவில்லை. தண்ணீர் கொதிக்க அவ்வளவு நேரம் எடுக்காது.

உனக்குப் புத்தி சொல்லத்தான் இதைத் தொடங்கினேன். கலியாணம் கட்டுகிற மகனுக்குச் சொல்ல வேறு எவ்வளவோ இருக்கிறது. கோபத்தோடு படுக்காதே, மாமியார் வீட்டில் சாப்பாட்டைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாதே, சோஃபி பிரெஞ்சில் ஏசும்போது விளங்காத மாதிரி இருக்கப் பழகு. அதெல்லாம் அம்மா சொல்லுவாள். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பூசையில் விசுவாசப் பிரமாணத்தில் ஞாயிறு தவறாமல் பிலாத்தின் பெயரைச் சொல்லுகிறோம். அவனைப் போன்றவனுக்கே திருச்சபை தன் வாயில் ஒரு இடம் வைத்திருக்கிறது, அவன் நல்லவன் என்பதற்காக இல்லை, அவன் காலத்தில் அந்தச் சிலுவைச் சாவு நடந்தது என்பதற்காக. நடந்ததை மறைக்கச் சொல்லி நான் உன்னிடம் கேட்கவில்லை. பெரியப்பாவை வெள்ளையடிக்கவும் சொல்லவில்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் செத்தவர்களை, ஏன் அப்படி எழுதினீர்கள், எதற்குப் பயந்தீர்கள் என்று வருடக்கணக்காக உட்கார்ந்து கேட்டாயே, பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் உயிரோடு இருக்கிறவரிடம் ஒருநாள் காலையில் போய்க் கேள். என்னிடம் சொல்லாததை உன்னிடம் சொல்லக்கூடும். கேட்டபிறகு நீ என்ன நினைத்தாலும் அது உன் நீதி. அவர்தான் அந்தப் பெடியனின் பெயரைச் சொன்னார் என்றே தெரியவந்தாலும், என் நீதி வேறு. அவர் என் அண்ணன், நான் அவரை விடமாட்டேன். அது பிழை என்றால் அதையும் நூறு பக்கம் எழுது.

இனி நடக்கப்போவதைக் கேள். கலியாணத்தன்று காலை, கோயிலுக்குப் புறப்படுமுன் மாப்பிள்ளை முழந்தாளிட்டுப் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்குவது எங்கள் வழக்கம். வீட்டில் மூத்தவர் முதலில் நெற்றியில் சிலுவை போடுவார், மற்றவர்கள் அதன் பிறகு. உன் தாத்தா இல்லை. அடுத்த மூத்தவர் அவர். அவருக்கு முன்னால் என் கை எழும்பாது. இதை மிரட்டல் என்று எடுக்காதே. என்னால் ஏலாது, அவ்வளவுதான். அம்மாவும் என்னோடு நிற்கிறாள், கடிதத்தை மலரில் போடுவதைத்தான் வேண்டாம் என்றாள்.

ஆகவே அன்று காலை நாங்கள் அஹுன்ட்சிக்கில் எங்கள் வீட்டில் இருக்கமாட்டோம். படப்பிடிப்புக்காரரை அங்கே வரச் சொல்லிவிடாதே. நானும் அம்மாவும் விடியவே உடுத்துக்கொண்டு சென்ட் லோரன்டில் அண்ணன் வீட்டில் இருப்போம். ஆசீர்வாதம் வேண்டுமென்றால் அங்கே வா. முதலில் அவருடைய கை, அடுத்தது என்னுடையது. மூன்றாம் மாடி. லிப்ட் வேலை செய்யாது, படியால் ஏறி வா.

அப்பா